லாக் கேரனின் கடலடி: ஸ்காட்லாந்து அரசுக்கு ஒரு திறந்த மடல்

எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து அரசின் கடல்துறை இயக்குநரகத்தினருக்கு,

வணக்கம். கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் நண்பர்களோடு சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு, கடலில் முக்குளிக்க மேற்குக் கரைக்குப் போய்விடுவேன். கடலடியைக் கிளறும் மீன்பிடி பற்றி உங்களிடம் கேட்க வேண்டியதைத் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் கருத்துக் கேட்புகளில் யார் வேண்டுமானாலும் பங்கெடுக்கலாம் என்பது இங்கே வாழும் தமிழர்கள் பலருக்குத் தெரியாது. அவர்களும் இதைப் படிக்கட்டும்.

அவர்களுக்காக ஒரு வார்த்தை. பனியாறு குடைந்த பள்ளத்தாக்குக்குள் கடல் புகுந்து நிற்பதைத்தான் இங்கே கடல் லாக் என்கிறார்கள். லாக் கேரன் அப்படிப்பட்ட ஒன்று, ஸ்கை தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. வடக்கு ஸ்ட்ரோமில், 1602இல் தகர்க்கப்பட்ட கோட்டையின் இடிபாட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவோம். நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. லாக் அங்கே குறுகிவிடுகிறது, அந்த இடுக்கு வழியே ஏற்றமும் வற்றமும் ஆறு மாதிரி ஓடும். நீரோட்டம் அடங்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து, தண்ணீர் புகாத டிரைசூட்டை மாட்டிக்கொண்டு கரையில் காத்திருக்க வேண்டும்.

கடைசியாகப் போனது ஒரு வசந்த காலச் சனிக்கிழமை. முந்தின நாள் பெய்த மழை, மலைகளின் கரிமண்ணைக் கரைத்துக் கொண்டுவந்திருந்தது. மேல்மட்டத் தண்ணீர் தேநீர் நிறம். அதைத் தாண்டிக் கீழே போனதும் பச்சையாகத் தெளிந்தது, ஆனால் வெளிச்சம் குறைந்துவிட்டது. டார்ச் இல்லாமல் அங்கே ஒன்றும் தெரியாது. குளிரில் உதடு மரத்துப்போய் மூச்சுவிடும் ரெகுலேட்டரைக் கவ்வியிருப்பதே உறைக்கவில்லை. கெல்ப் என்ற பெரிய கடற்பாசிகளின் காட்டைக் கடந்தோம். பாறைச் சுவரில் வெள்ளையும் ஆரஞ்சுமாக மென்பவளங்கள், அவற்றுக்கு இடையில் இறகு நட்சத்திரங்கள். அதற்கும் கீழே சரிவு முடிந்து சரளை விரிகிறது. புதிதாக வருபவர் அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவார்.

அந்தச் சரளைதான் இந்த மடலுக்குக் காரணம்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அசையாமல் இருந்தால், கல்லுக்கும் உடைந்த சிப்பி ஓட்டுக்கும் நடுவே சின்னச் சின்னத் துளைகள் தென்படும். ஒரு துளையின் வாயில் ஆரஞ்சு நிற இழைகள் மெல்ல நீண்டு, மடங்கி, மறுபடி நீண்டன. ஃப்ளேம் ஷெல் சிப்பி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், நாலு சென்டிமீட்டர்தான். தன் உடலிலிருந்து நூல் சுரந்து, கல்லையும் ஓட்டையும் பின்னி, தூக்கணாங்குருவி போலக் கூடு கட்டி உள்ளே வாழ்கிறது. பக்கத்துக் கூடு அடுத்ததோடு ஒட்டி, அதுவும் இன்னொன்றோடு ஒட்டி, கடைசியில் கடலடி முழுவதும் ஒரே விரிப்பாகிவிடுகிறது. அந்த விரிப்பைப் பற்றிக்கொண்டு கெல்ப் வளர்கிறது, நட்சத்திர மீனுக்கு உறவான பிரிட்டில் ஸ்டார்கள் மொய்க்கின்றன, சாப்பாட்டுக்குப் பிடிக்கிற ஸ்காலப் சிப்பிகளின் குஞ்சுகள் ஒதுங்குகின்றன. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சரளையில் கால் ஊன்றக் கூடாது என்று கரையிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டுதான் இறங்குவோம். காலில் மாட்டிய ஃபின் பட்டாலே கூடு கலைந்துவிடும்.

2017 ஏப்ரலில் இதே லாக்கில் ஒரு படகு ஸ்காலப் டிரெட்ஜை இழுத்துக்கொண்டு போனது. டிரெட்ஜ் என்பது இரும்புப் பல் வரிசையும் அதன் பின்னால் சங்கிலிப் பையும். பற்கள் தரையைக் கிளறும், கிளம்புவதைப் பை அள்ளும். கரையோரத்தில் ஒரு படகு பக்கத்துக்கு எட்டு வரை இழுக்கலாம் என்று உங்கள் விதியே அனுமதிக்கிறது. அந்தப் படகு போன தடத்தில் என்ன மிஞ்சியது என்பதை நீருக்கடியில் போய்ப் படம்பிடித்து ஊருக்குக் காட்டியவர்கள் உள்ளூர் முக்குளிப்பவர்கள். மறு மாதமே நீங்கள் அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தி லாக் கேரனைக் கடல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தீர்கள். 2019இல் அதை நிரந்தரமாக்கினீர்கள். அந்த அவசர அறிவிப்புக்குப் பிறகு அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, உலகில் அறியப்பட்டவற்றிலேயே பெரிய ஃப்ளேம் ஷெல் படுகை இதுதான் என்று. சுமார் 25 கோடி சிப்பிகள்!

அந்த வேகத்துக்கு மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் ஒன்றை மறக்க முடியவில்லை. அந்தப் படகு சட்டத்தை மீறவில்லை. அப்போது அங்கே டிரெட்ஜ் இழுக்கத் தடையே இல்லை. உலகின் மிகப் பெரிய படுகை, அது இருப்பதையே சரியாக அறியாமல் இரும்புப் பல்லுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1889இல் கரையிலிருந்து மூன்று மைலுக்குள் இழுவலைக்குத் தடை வந்தது. 1984இல் அந்த எல்லையை நீக்கினார்கள். அதற்குப் பிறகு லாக்குகளின் அடியில் என்னென்ன போயிற்று என்று கணக்கெடுத்துச் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் போவதற்கு முன்பு யாரும் முழுதாகப் பார்த்திருக்கவில்லை.

லாக் கேரனுக்குப் பிறகு நீங்கள் ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். அடிமட்ட வலைகளாலும் டிரெட்ஜாலும் எளிதில் அழியக்கூடிய கடலடி வாழிடங்கள், உயிரினங்கள் என்று பதினொன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள்: ஃப்ளேம் ஷெல் படுகை, மேர்ல் என்ற சுண்ணாம்புப் பாசி, குதிரை மஸல் சிப்பிப் படுகை, கடற்புல், குழாய் கட்டி வாழும் செர்புலிட் புழுக்களின் திட்டு என்று அந்தப் பட்டியல் போகிறது. பாதுகாப்புப் பகுதிகளுக்கு வெளியிலும் இவற்றைக் காப்போம் என்றீர்கள். பிறகு வருடத்துக்கு வருடம் அது தள்ளிப்போனது. தயவுசெய்து அதை முழுதாகச் சட்டமாக்குங்கள். வரைபடக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் சிப்பியைக் காத்துவிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை விட்டுவிடுவதில் எந்த நியாயமும் இல்லை.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். இப்போது கடலடியில் அரியது இருக்கிறது என்று யாராவது நிரூபித்தால்தான் தடை. அதை மாற்றுங்கள். லாக்குகளுக்குள் எங்கே டிரெட்ஜ் இழுக்க வேண்டுமானாலும், முதலில் அங்கே அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகே அனுமதி.

பார்ப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். முக்குளிப்பவர்களே கடலடியைப் பதிவு செய்கிற ஸீசர்ச் திட்டத்தில் பயிற்சி எடுத்து, சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு வந்து, கண்டதைப் படிவத்தில் எழுதித் தருகிற முக்குளிப்பவர்கள் இந்தக் கரை நெடுக உண்டு. அவர்கள் சேதத்தைப் பார்த்துச் சொன்னால் உடனே யார் வந்து ஆய்வு செய்வார், எத்தனை நாளில் முடிவு சொல்வார் என்று ஒரு நடைமுறையை எழுதி வெளியிடுங்கள். ஸ்காட்லாந்தின் ஆரன் தீவில் 1995இல் இரண்டு முக்குளிப்பவர்கள் தொடங்கிய கோஸ்ட் என்ற ஊர் அமைப்புதான் விடாமல் போராடி, 2008இல் லாம்லாஷ் விரிகுடாவில் மீன்பிடியே இல்லாத பகுதியைக் கொண்டுவந்தது. அங்கே ஸ்காலப்புகள் பெருகியதையும் பெரிதானதையும் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மீனவர்களை எதிர்த்து இதை எழுதவில்லை. இதே லாக்குகளில் கூடு வைத்து இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கடலில் இறங்கி ஸ்காலப்பைக் கையால் பொறுக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். தரை கெடாமல் இருந்தால்தான் இவர்களுக்கும் பிழைப்பு. டிரெட்ஜ் படகில் வேலை செய்பவர்களுக்கும் வீடு, கடன், பிள்ளைகள் உண்டு. அவர்கள் வேறு முறைக்கு மாறப் பணமும் அவகாசமும் கொடுங்கள், அந்தச் செலவை அரசு ஏற்கட்டும்.

அடுத்த கருத்துக் கேட்பை எப்போது தொடங்குவீர்கள், பதினொன்றுக்கும் சட்டம் எந்தத் தேதிக்குள் வரும் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பொதுவில் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லாக் கேரனில் முக்குளிக்கும் ஒருவர்
கிளாஸ்கோ