உப்புக்காற்றை அளந்து தாருங்கள்: யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய பீடாதிபதி அவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம். ஊர்காவற்றுறைப் பக்கம் மோட்டர், இன்வேட்டர், படகு எஞ்சின் திருத்தும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறேன். என்னிடம் வரும் பொருள்கள் ஓடித் தேய்வதற்கு முன்பே உப்பு அவற்றைத் தின்று முடித்துவிடுகிறது. அறிவியல்நகரில் இருக்கும் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குடாநாட்டின் காற்றும் கிணற்று நீரும் உலோகத்தையும் மின்கருவியையும் எந்த வேகத்தில் அழிக்கின்றன என்பதை ஊர் ஊராக அளந்து, பட்டறைக்காரனும் படிக்கக்கூடிய தமிழில் வெளியிடுங்கள்.

கடுஞ்சூழலுக்கான பொறியியல் என்றதும் மாணவர்களின் மனம் தொலைதூரத்துக்குத்தான் போகும். அதில் பிழையில்லை. 1982 இல் வெள்ளிக் கோளில் இறங்கிய சோவியத் கலம் வெனேரா 13, ஏறத்தாழ 460 பாகை வெப்பத்திலும் இங்குள்ளதைப் போல 90 மடங்கு அழுத்தத்திலும் 127 நிமிடம் வேலை செய்தது. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்றுதான் அதைச் செய்திருந்தார்கள். பிற்காலத்தில் நாசாவின் கிளென் ஆய்வு நிலையம் சிலிக்கன் காபைட் என்ற, வெப்பம் தாங்கும் பொருளில் செய்த மின்சுற்றை, வெள்ளிக் கோளின் வெப்பமும் அழுத்தமும் நிரப்பிய சோதனை அறைக்குள் 521 மணி நேரம் ஓட்டிக் காட்டியது. படிக்கப் படிக்க ஆசை கூடும் துறை இது. எங்கள் கரையிலோ 30 பாகை வெப்பம், சாதாரண வளியமுக்கம். ஆனாலும் இன்வேட்டருக்குள் இருக்கும் மின்சுற்று அட்டை சில வருடங்களிலேயே பச்சை பூத்துப் போகிறது. மனிதன் சுகமாக நடமாடும் இடம் இயந்திரத்துக்கும் சுகமான இடம் என்று எண்ணிக்கொண்டுதான் இன்னும் பொருள் வாங்குகிறோம்.

எங்கள் காற்றின் குணம் ஊருக்குத் தெரியும், கணக்கு மட்டும்தான் இல்லை. சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் மழை மிகக் குறைவு. கடலும் கடல்நீரேரியும் எழுப்பும் உப்புத்துளி கூரைத் தகட்டிலும் கம்பியிலும் படிந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்து கழுவும். மழை படாத இடங்களில், தாழ்வாரத்தின் அடிப்பக்கத்திலும் பெட்டியின் கீழ்மூலையிலும் தகட்டின் மடிப்பிலும், பழைய உப்பு அப்படியே கிடக்கும். கறள் (துரு) முதலில் பிடிப்பதும் அங்கேதான். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரைகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு ஏறத்தாழ 33 வீதமே போதும். குடாநாட்டுக் காற்று அவ்வளவுக்கு உலரும் வேளை மிக அரிது. கண்ணுக்கு உலர்ந்து தெரியும் தகடு, உண்மையில் பெரும்பாலான நேரம் மெல்லிய உப்புநீர்ப் படலத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேச நியமம் காற்றின் அரிக்கும் வலுவை சி1 முதல் சி5 வரையும் அதற்கு மேலே சிஎக்ஸ் என்றும் ஆறு தரமாகப் பிரிக்கிறது. ஒரு உலோகத் தகடு ஓராண்டில் எவ்வளவு தடிப்பை இழக்கிறது என்பதே அளவுகோல். நாகத்துக்கு (துத்தநாகம்) சி3 இல் 0.7 முதல் 2.1 மைக்ரோமீற்றர், சி5 இல் 4.2 முதல் 8.4, சிஎக்ஸில் 25 வரை. இதை வைத்து வீட்டுக் கணக்கு ஒன்று போடலாம். தடித்த உருக்குக் கம்பத்தை உருகிய நாகத்தில் தோய்த்தால் ஏறும் பூச்சு ஏறத்தாழ 85 மைக்ரோமீற்றர். சி3 காற்றில் அந்தப் பூச்சு 40 ஆண்டுக்குக் குறையாமல் நிற்கும். சி5 இல் 10 முதல் 20 ஆண்டு. சிஎக்ஸின் மேல்முனையில் மூன்றரை ஆண்டுக்குள் கரைந்துவிடும். அதே கம்பம், அதே விலை. சுன்னாகம் எந்தத் தரம், காரைநகர் எந்தத் தரம், மணற்காடு எந்தத் தரம்? தெருவிளக்குக் கம்பத்துக்கும் சோலர் தகட்டின் தாங்கிக்கும் விலைமனு எழுதும் அலுவலருக்கு இந்தப் பதில் கையில் இருக்கவேண்டும். அவர் எடுத்துப் பார்க்கக்கூடிய அட்டவணை ஒன்றை இதுவரை நான் கண்டதில்லை. ஆகவே கொழும்புக்கோ மலைநாட்டுக்கோ எழுதிய அதே விவரக்கூற்று எங்களுக்கும் வருகிறது.

இதை அளக்கப் பெரிய பணம் வேண்டியதில்லை. 100 க்கு 150 மில்லிமீற்றர் அளவில் உருக்கு, நாகம், செம்பு, அலுமினியத் தகடுகளை ஒரு சட்டத்தில் சாய்வாகப் பொருத்தி ஓராண்டு வெளியில் விடவேண்டும். பிறகு கறளை வேதிமுறையில் கழுவி நிறுக்கவேண்டும். அந்த அளவு நாகத் தகட்டின் இரு முகங்களிலும் ஒரு மைக்ரோமீற்றர் கரைந்தால் எடை 0.2 கிராம் குறையும். நல்ல பாடசாலை ஆய்வுகூடத் தராசே அதைப் பிடித்துவிடும். காற்றில் வரும் உப்பை அளக்க ஈரத்திரி முறை இருக்கிறது. மழைக்கு மறைவாக ஒரு துணித்திரியை ஈரமாகவே வைத்திருந்து, மாதம் ஒருமுறை அதில் சேர்ந்த குளோரைட்டைக் கணக்கெடுப்பார்கள். உயர்தர வேதியியல் படிக்கும் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை.

மற்றவர்கள் இதை எப்போதோ தொடங்கிவிட்டார்கள். பாக்கு நீரிணைக்கு அக்கரையில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு மண்டபத்தில் ஒரு கடற்கரை நிலையம் இருக்கிறது. வட கரோலினாவின் கியூர் பீச்சில் 1930களிலேயே தொடங்கினார்கள். கடலில் இருந்து 25 மீற்றரில் ஒரு திடல், 250 மீற்றரில் ஒரு திடல் என்று வைத்து, கொஞ்சம் தள்ளினாலே அரிப்பு எவ்வளவு குறைகிறது என்று காட்டினார்கள். கென்னடி விண்வெளி நிலையம் தன் ஏவுதள உருக்கைக் காப்பாற்றுவதற்காக 1966 இல் கடற்கரையில் இப்படி ஒரு திடலை அமைத்தது. மண்டபத்தின் எண்ணைக் கடன் வாங்கினால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. சோளகத்தில் நேரே அடி வாங்குவது தீவகமும் குருநகரும்; வாடையில் வடமராட்சி. கோடையில் கடல்நீரேரி வற்றி கடலை விட உப்பாகிறது. இந்தச் சின்னக் குடாநாட்டுக்குள்ளேயே காற்று ஊருக்கு ஊர் வேறு. ஒரு திடல் போதாது, ஐந்தாறாவது வேண்டும்.

அடுத்தது பெட்டிகள். தூசியும் நீரும் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி67 என்ற தரம் எழுதியிருந்தால் கடலுக்குள்ளேயே போடலாம் என்று விற்கிறார்கள். அந்தச் சோதனை நல்ல நீரில், ஒரு மீற்றர் ஆழத்தில், 30 நிமிடம். உப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெயிலில் கிடக்கும் மூடிய பெட்டியின் உட்காற்று 60 பாகைக்கு ஏறியிருக்கும்போது திடீர் மழை கொட்டி 27 பாகைக்கு இறங்கினால், உள்ளமுக்கம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விழுகிறது. கணக்குப் பார்த்தால் அது ஒரு மீற்றர் நீரின் அழுத்தம். ஆய்வுகூடத்தில் புதுப் பெட்டிக்கு ஒருமுறை நடந்த சோதனையை எங்கள் வெயிலும் மழையும் பழைய பெட்டிக்குத் திரும்பத் திரும்ப வைக்கின்றன. இறப்பர் விளிம்பு வெயிலில் இறுகிய பிறகு ஈரத்தோடு உப்பும் உள்ளே உறிஞ்சப்படும். காற்றை விட்டு நீரை மறிக்கும் சிறு சவ்வு ஒன்றைப் பெட்டியின் அடியில் பொருத்தி, கேபிளைக் கீழ்ப்பக்கமாக நுழைத்து, அட்டைக்குப் பூச்சும் கொடுத்தால் அதே பெட்டி பல வருடம் கூட நிற்கும். இதில் எதுவும் இரகசியம் இல்லை. ஆனால் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை.

ஐஎஸ்ஓ 9227 என்ற உப்புத்தெளிப்புச் சோதனையில் இத்தனை மணி நேரம் தாங்கியது என்று காட்டும் சான்றிதழையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். 35 பாகையில் 5 வீத உப்புநீரை இடைவிடாமல் தெளிக்கும் சோதனை அது. வெளியில் ஒரு பொருள் எத்தனை வருடம் நிற்கும் என்று அதிலிருந்து நேரே சொல்ல முடியாது என்பதை அந்த நியமமே எழுதி வைத்திருக்கிறது. நனைவதும் உலர்வதுமாக மாறி மாறி நடக்கும் எங்கள் காற்றுக்கு, எங்கள் காற்றுத்தான் சோதனை.

எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்படுத்துவது உணரிகள் (சென்சர்கள்). நின்றுபோன கருவி தன் பழுதைத் தானே சொல்லிவிடும். பொய் சொல்லும் கருவியை நம்பி முடிவெடுப்போம். கரையோரக் கிணறு ஒன்றுக்குள் ஒரு திட்டத்தார் நீர்மட்ட உணரி இறக்கியிருந்தார்கள். வெளிக்காற்றின் அமுக்கத்தைக் கழிப்பதற்காக அதன் கேபிளுக்குள் மெல்லிய காற்றுக்குழாய் ஒன்று போகும். அதன் வாயில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். மணிகளை மாற்ற ஆள் இல்லை. குழாய்க்குள் நீர் கட்டிவிட்டது. அதற்குப் பிறகு உணரி காட்டியது நீரையும் காற்றையும் சேர்த்துத்தான். எங்கள் அகலாங்கில் வளியமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். இரண்டு மூன்று ஹெக்டோபஸ்கால். நீர்மட்டத்தில் அது இரண்டு மூன்று சென்ரிமீற்றர். வரைபைப் பார்ப்பவர் கிணற்றுக்குள் கடலின் வற்றுப்பெருக்கு தெரிகிறது என்று எழுதிவிடுவார். உண்மையான வற்றுப்பெருக்கு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திப் போகும், வளியமுக்க அலை நாளாந்தம் அதே நேரத்துக்கு வரும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிழை பிடிபடும். அப்படிப்பட்டவர்களை உருவாக்கக்கூடிய இடம் உங்கள் பீடம்.

உப்பை அளக்கும் கடத்துதிறன் உணரிக்கும் இதே கதி. எங்கள் நிலத்தடி சுண்ணக்கல். இரண்டு மின்வாய் உணரியின் முகத்தில் சுண்ணாம்பு படிந்தால் அது உப்பைக் குறைத்துக் காட்டும். கடல்நீர் கிணற்றுக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போது நீர் நன்றாகிறது என்று கருவி சொன்னால் என்ன ஆகும்? மின்வாயே நீரில் படாத தூண்டல் வகை உணரி இருக்கிறது. விலை கூடத்தான். எந்தக் கிணற்றுக்கு எது போதும் என்று நீங்கள் சொன்னால் வாங்குபவர்கள் கேட்பார்கள்.

கடையில் விற்கும் கறையில் உருக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் 304, 316 என்ற இரண்டு வகையும் கண்ணுக்கு ஒன்றே. காந்தம் வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. 316 இல் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருக்கிறது, குளோரைட்டுக்கு முன்னால் அதுதான் காவல். மொலிப்டினம் உண்டா என்று காட்டும் துளிச் சோதனை மலிவானது. ஒரு சந்தைநாளில் மாணவர்கள் கடைகளுக்குப் போய் அதைச் செய்து காட்டினால் ஊருக்கே பயன்.

இதெல்லாம் இப்போது ஏன் அவசரம்? 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தர எண்ணி வகுத்த திட்டத்தில், தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடலை மறிக்கும் கதவுகள் உயிர்நாடி. பராமரிப்பு இல்லாத காலத்தில் கதவுகள் சிதைந்தன, உப்புநீர் திரும்பக் கடல்நீரேரிக்குள்ளே வந்தது. அவ்வளவு பெரிய யோசனையின் கழுத்து ஒரு கதவின் பொருளில் இருந்தது. இன்று தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டிருக்கிறது. கடல்நீரைச் சவ்வுக்குள்ளால் தள்ள 55 முதல் 70 பார் வரை அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் அந்த உப்புக்கு 316 உம் போதாது; 25 வீதம் குரோமியம் கொண்ட சூப்பர் டூப்ளெக்ஸ் உருக்குத்தான் வழக்கம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியோடு ஒப்பந்தம் ஆனது. பத்து வருடம் கழித்து இவற்றுக்கு உதிரிப்பாகம் வாங்கும்போது எது சரி, எது மலிவுப் போலி என்று சொல்ல இங்கேயே ஆள் இருக்கவேண்டும். வெளியில் இருந்து வந்து பூட்டியவர்கள் அப்போது இருக்கமாட்டார்கள்.

சரி, என் பங்குக்கு வருகிறேன். முதல் சட்டத்தை என் பட்டறைக் கூரையில் வைக்கலாம். கடல் கூப்பிடு தூரம், தென்மேற்கில் மறைப்பு இல்லை. தகடு வேறு உலோகத்தில் படக்கூடாது என்பதால் சட்டத்தைப் பனஞ்சலாகையில் நானே செய்து தருகிறேன், பிடிக்குப் பீங்கான் இன்சுலேட்டரும் என்னிடம் இருக்கிறது. தகடும் தராசும் உங்களுடையவையாக இருக்கட்டும். ஈரத்திரியை மாதாமாதம் மாற்ற ஊர்ப் பாடசாலை ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது சட்டம் பருத்தித்துறையிலும் மூன்றாவது கடலில் இருந்து தள்ளிக் கோண்டாவில் பக்கத்திலும் இருந்தால் ஒப்பிடுவதற்கு நல்லது. சித்திரைக்குள் வந்தீர்கள் என்றால், சோளகம் தொடங்குவதற்கு முன் முதல் சட்டத்தைப் பூட்டிவிடலாம்.

அன்புடன்,
ஊர்காவற்றுறைப் பட்டறைக்காரன் ஒருவன்