ஆண்டறிக்கை: அரசுப் பள்ளிகளில் மீத்திறன் மாணவரைக் கண்டறிந்து துணைநிற்கும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழு முதல் இன்றுவரையிலான நம் சங்கத்தின் பணிகளை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

இவ்வாண்டில் செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. அவற்றுள் இரண்டு, கூட்டம் நடத்தத் தேவையான குறைந்த அளவு உறுப்பினர்கூடச் சேராமல் ஒத்திவைக்கப்பட்டன. பரிசளிப்பு விழா வழக்கம்போல் சிறப்பாக நடைபெற்றது. பள்ளி நூலகங்களுக்கு நூல்கள் வழங்கப்பட்டன. ஆசிரியர் பயிலரங்கு ஒன்று நடந்தது.

முதன்மைப் பணிக்கு வருகிறேன். மீத்திறன், அதாவது வயதுக்கு மிஞ்சிய திறன், உள்ளவர்களைக் கண்டறிய எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கும் திட்டம் செயலாளரின் சொந்த ஆசை என்றும், அச்சுச் செலவு கைமீறிப் போயிற்று என்றும் பேச்சு எழுந்திருப்பதால், அதன் காரணத்தைப் பதிவு செய்வது என் கடமையாகிறது. இதுநாள்வரை, வகுப்புக்கு இருவர் பெயரை அனுப்புமாறு ஆசிரியர்களைக் கேட்டு வந்தோம். மொத்த மதிப்பெண்ணில் முதலிரண்டு இடம் பெற்றவர்களின் பெயர்கள் வந்தன. அவர்கள் நல்ல பிள்ளைகள்தாம். கையெழுத்து அழகாக இருக்கும், விடுப்பு எடுக்க மாட்டார்கள், வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இருக்கும். ஆனால் தெரிந்த பாடத்தையே மறுபடி கேட்டுச் சலித்துச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவனும், எழுத்துப் பிழையால் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்க்கப்பட்டவளும் அந்த வலையில் சிக்குவதில்லை. பரிசளிப்பு விழாவில் பேசிய மூவரும் கணிதமேதை இராமானுஜனைத் தவறாமல் குறிப்பிட்டார்கள். மற்றப் பாடங்களில் தேறாமல் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர் அவர். நம் பழைய விதிப்படி அவர் பெயரும் நமக்கு வந்திருக்காது என்பதைச் சொல்ல எனக்கு மேடையில் நேரம் ஒதுக்கப்படவில்லை.

அனைவரையும் சோதிப்பது நான் கண்டுபிடித்த வழியன்று. அமெரிக்காவில் பிளோரிடா மாநிலத்தின் பெரிய பள்ளி மாவட்டம் ஒன்றில், 2005 முதல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொற்கள் அதிகம் தேவைப்படாத முதற்சோதனை வைத்தார்கள். பொருளியலறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதைப் பற்றி 2016 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏழைப் பிள்ளைகளும் சிறுபான்மை இனப் பிள்ளைகளும் மீத்திறன் பிள்ளைகளுக்கான திட்டத்துக்கு முன்னைவிடக் கணிசமாகத் தேர்வானார்கள். திறமை அவர்களிடம் முன்பே இருந்தது. பெயர் கொடுக்கத்தான் ஆளில்லை. பின்னர் நிதி நெருக்கடியில் அத்திட்டம் கைவிடப்பட்டபோது அந்த முன்னேற்றமும் கரைந்துபோயிற்று என்பதைப் பொருளாளரின் கனிவான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

சோதனையும் பொய்க்கும் என்று செயற்குழுவில் ஓர் உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார். அது நியாயமான எதிர்ப்பு. மீத்திறன் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்க உளவியலறிஞர் லூயிஸ் டெர்மன் 1921 இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வுக்காகச் சிறு வயதில் சோதிக்கப்பட்டும், எல்லையை எட்டவில்லை என்று விடப்பட்ட வில்லியம் ஷாக்லி 1956 இலும், லூயிஸ் ஆல்வாரெஸ் 1968 இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். ஆகவேதான் ஒரே நாளில் கதவை அடைக்காமல், ஆசிரியரின் பரிந்துரைக்கும், பெற்றோரின் விண்ணப்பத்துக்கும் மறுவாய்ப்பு வைத்தோம். இரண்டாம் சுற்றில், இரண்டு வகுப்பு மேலேயுள்ள வினாத்தாளைக் கொடுத்தோம். நூற்றுக்கு நூறு வாங்கும் இருவரில் ஒருவர் அந்த எல்லையோடு நின்றுவிடுபவராக இருக்கலாம், மற்றவர் அதைத் தாண்டி எவ்வளவோ தூரம் போகக்கூடியவராக இருக்கலாம். சொந்த வகுப்பின் வினாத்தாள் இதைக் காட்டாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைக் கல்லூரி நுழைவுத் தேர்வையே எழுதச் சொல்லி அமெரிக்க உளவியலறிஞர் ஜூலியன் ஸ்டான்லி 1972 இல் செய்ததும் இதுதான்.

முதற்சுற்றில் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி, வடிவத்தொடர் வினாக்களில் முதல் பத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கடினமானவற்றை மட்டும் முடித்திருந்தாள். மதிப்பெண்படி அவள் தேறவில்லை. கூப்பிட்டுக் கேட்டதற்கு, “அதெல்லாம் பார்த்தாலே தெரியுதே, அதை எதுக்கு எழுதணும்?” என்றாள். தாளின் பின்புறத்தில், கடைசி வினாவின் தொடர்ச்சியாக இன்னும் மூன்று வடிவங்களைத் தானே வரைந்து வைத்திருந்தாள். அந்த வகுப்பிலிருந்து வழக்கமாக வரும் இரண்டு பெயர்களில் அவள் பெயர் இல்லை.

கண்டறிந்தால் போதுமா? பாடத்தைத் தொடங்குமுன் அதன் இறுதித் தேர்வை வைத்து, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததை விலக்கி, அந்த நேரத்தை ஆழமான வேலைக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். வகுப்பாசிரியர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். நம் பங்கு, சனிக்கிழமை காலைகளில் வழிகாட்டிகளாக வருவது. கையொப்பமிட்டவர்கள் பதினான்கு பேர். தொடர்ந்து வந்தவர்கள், என்னையும் சேர்த்து, மூவர். கணக்கு வழிகாட்டி வராத ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் புதிர் போட்டுக்கொண்டு பதினொரு மணிவரை தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். இயற்கணிதத்தைப் பள்ளியோடு விட்டுவிட்ட நான், விடை சரியா என்று என்னைக் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசளிப்பு விழா நிழற்படத்தில் அந்தப் பதினான்கு பேரும் இருக்கிறார்கள் என்பதையும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

உறுப்பினர் சந்தா பாதிக்கு மேல் நிலுவையில் உள்ளது. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் இருக்கிறது, அவரவர் தம் பெயரைப் பார்த்துக்கொண்டால் போதும். வரவு சந்தாவாலும் நன்கொடையாலும் வந்தது. செலவு பெரும்பாலும் வினாத்தாள் அச்சுக்கும் நூல்களுக்கும் ஆயிற்று. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. விழுந்த சிறு துண்டைத் தற்காலிகமாக நான் ஏற்றிருக்கிறேன். விவரத்தைப் பொருளாளர் தணிக்கைக்குப் பின் வைப்பார்.

தலைவர், துணைத்தலைவர், தலைமையாசிரியர்கள், வகுப்பாசிரியர்கள், அச்சகத்தார், பெற்றோர் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில் இன்னும் இரண்டு பள்ளிகளைச் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். இப்போதைய வருகையை வைத்துப் பார்த்தால், ஏற்கெனவே கண்டறிந்த பிள்ளைகளுக்கே நம்மால் வாக்கைக் காப்பாற்ற முடியாது என்பதுதான் நிலவரம். மேற்சொன்ன சிறுமிக்குக் கணக்கு வழிகாட்டி இன்னும் அமையவில்லை. சனிக்கிழமைப் பட்டியலைப் புதிதாக எழுதித் தண்ணீர்க்குடத்தின் அருகிலுள்ள மேசையில் வைத்திருக்கிறேன். வருவதாக இருந்தால் மட்டும் கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். செயலாளர் பொறுப்புக்கும் இதுவரை எவரும் விண்ணப்பிக்கவில்லை. அதற்கான படிவமும் அதே மேசையில்தான் இருக்கிறது.

இவண்,
செயலாளர்