பொருள்: ராமநாதபுரம் – மண்டபம் நேரடி ஃபைபர் இணைப்பின் நடுவே கன்வெர்ட்டர் வைத்தது பற்றி, ஏழாவது புகார்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மண்டபத்தில் கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் கொடுத்து வருகிறேன். ராமநாதபுரத்தில் விட்ட வெளிச்சம் மண்டபத்தில் வெளிச்சமாகவே வந்து இறங்கும், நடுவில் பெட்டியும் கிடையாது கரண்டும் தேவையில்லை என்று சொல்லித்தானே இரண்டு கோருக்கு (ஃபைபர் இழைக்கு) ஒரு வருட வாடகையை முன்பணமாக வாங்கினீர்கள்? உங்கள் பிளானை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வழியில் இருக்கிற உச்சிப்புளியில் கரண்ட் போனால் என் லைன் ஏன் படுக்கிறது? நாலு மாதமாக இதைத்தான் கேட்கிறேன். பதில் இல்லை. ஃபைபருக்குள் வெளிச்சம் விட்டு அது எவ்வளவு தூரம் போகிறது என்று கோடாக (டிரேஸ்) காட்டும் ஓடிடிஆர் மெஷினை இரவல் வாங்கி நானே இங்கிருந்து அடித்துப் பார்த்தேன், டிரேஸ் 20 கிலோமீட்டரிலேயே முடிந்துவிட்டது. உங்கள் லைன்மேன் உச்சிப்புளிப் பெட்டியைத் திறந்தார் (பாவம், அவர் மேல் நடவடிக்கை எடுத்துவிடாதீர்கள்), உள்ளே வெளிச்சத்தை மின் சிக்னலாக்கி மறுபடி வெளிச்சமாக்க இரண்டு மீடியா கன்வெர்ட்டர், ஒரு செத்த யுபிஎஸ். 1550 நானோமீட்டர் அலைநீள வெளிச்சத்தில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டிபி (டெசிபல்), மிஞ்சினால் 0.25. 40 கிலோமீட்டருக்கு 10 டிபி என்றே வைத்துக்கொண்டாலும், ஸ்ப்லைஸ் (இழையை ஒட்டும் இடம்), கனெக்டர் எல்லாம் சேர்த்து, 80 கிலோமீட்டர் எஸ்எஃப்பி (முனையில் வெளிச்சத்தை அனுப்பி வாங்கும் சின்ன மாட்யூல்) தாராளமாக இழுக்கும். ஜாயின்ட் பாக்ஸில் தண்ணீர் இறங்கி கோர் கெட்டிருந்தால் அதைச் சரிசெய்யுங்கள், கன்வெர்ட்டரை வைத்து மூடாதீர்கள்.

இதை உங்கள் கஸ்டமர் கேரில் சொன்னபோது ஒருவர், "லைட் பச்சையா எரியுதுல்ல, அப்புறம் என்ன சார் வேணும்?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார். 22 வருடமாகப் போஸ்ட் ஏறி இழுத்த தொழில் ஐயா இது. அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

மதுரை ஆபீஸுக்குப் போகச் சொன்னதும் அவர்தான். விடியற்காலை பஸ் ஏறி, ஒரு வழிக்கே 150 கிலோமீட்டர், சாயங்காலம் வரை உட்கார வைத்து, "இது சென்னை பார்க்கிற வேலை" என்றார்கள். அதைப் போனில் சொல்லியிருக்கக் கூடாதா? நான் அங்கே உட்கார்ந்திருந்த அன்றுதான் இங்கே லைன் மூன்று மணி நேரம் போனது. ஏற்றுமதிப் பேப்பர் அனுப்ப முடியாமல் இறால் கம்பெனிக்காரர் வேறு ஆளிடம் போய்விட்டார். அவரோடு பாதி ஊரே போய்விட்டது, என் வாழ்நாள் சம்பாத்தியம் கடலில் கரைத்தது போல ஆகிவிட்டது.

தயவுசெய்து கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு கோரை நேராக ஸ்ப்லைஸ் அடித்துக் கொடுங்கள். 1310, 1550 இரண்டிலும், இரண்டு முனையில் இருந்தும் டிரேஸ் எடுத்துத் தாருங்கள். நாலு மாத வாடகையையும் திருப்ப வேண்டும். உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் பத்து நாளில் நடக்காவிட்டால் உங்கள் மேல்முறையீட்டு அதிகாரிக்கும், அங்கிருந்து ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். பில், ரசீது, டிரேஸ் எல்லாம் கையில் இருக்கிறது.

ஆள் அனுப்பும்போது ஸ்ப்லைசிங் மெஷினோடு அனுப்புங்கள். போன தடவை வந்தவர் வெறும் டார்ச் லைட்டோடு வந்தார். உச்சிப்புளிக்கு நானே வண்டியில் கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
மண்டபம் கேபிள் ஆபரேட்டர்