கிரீன்ஸ்பர்க் போய் வந்தேன்

விச்சிட்டா, கான்சாஸ், அமெரிக்கா
ஜூன் 24

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. அவர் போதும் என்று சொன்னாலும் பயிற்சியை நிறுத்த விடாதே.

ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், இனி ஊர் என்னாகும் என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியோடுதான் சனிக்கிழமை கிரீன்ஸ்பர்க் போனேன். இங்கிருந்து மேற்கே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், வழியெல்லாம் கோதுமை. கயோவா கவுண்டிக்கு, நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள், அதுதான் தலைமையிடம். பெரிய ஊராக நினைத்துவிடாதே, 2020 கணக்கெடுப்பில் 740 பேர். 2000-ல் 1,574 பேர் இருந்தார்கள்.

இடையில் வந்தது 2007 மே 4 இரவு. ஒன்றரை மைலுக்கு மேல் அகலமான டொர்னாடோ, அதாவது சுழல்காற்று, ஊரின் மேலேயே ஏறிப் போனது. நூற்றுக்கு 95 பங்கு ஊர் தரைமட்டம். சுமார் 20 நிமிடம் முன்பே சங்கு ஊதியதால் ஜனங்கள் நிலவறைகளுக்குள் இறங்கிவிட்டார்கள். அப்படியும் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மிஞ்சிய கட்டடங்கள் மிகச் சில. 1914-ல் கட்டிய கோர்ட் அதில் ஒன்று. இடிக்காமல் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், தானியக் கிடங்கின் உயரமான கான்கிரீட் உருளைகள். அங்கேதான் வெகுநேரம் நின்றேன். அறுவடை சமயம், லாரிகள் வரிசையாக நின்றன. எடைமேடையில் லாரி ஏறியதும் மேலிருந்து ஒரு நீளக் குழாய் கோதுமைக்குள் இறங்கி ஒரு கை அளவு உறிஞ்சி எடுக்கிறது. ஈரம் 13.5 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் கொள்முதல் நிலையத்தில் நெல்லை அள்ளிப் பார்ப்பார்களே, அதே பதற்றம்தான் இங்கே ஓட்டுநர் முகத்திலும். கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்ப வந்து மறுபடி எடை போட்டுச் சீட்டை வாங்கிய பிறகுதான் சிரித்தார்.

ஊரில் ஒரு பெரிய கிணறும் உண்டு. 1887, 88-ல் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆட்களே வெட்டியது. 109 அடி ஆழம், 32 அடி அகலம். ரயிலுக்கும் ஊருக்கும் தண்ணீர் வேண்டுமே! வெளியே அனல் அடித்தது. படியில் இறங்க இறங்கக் கல்சுவரின் குளிர்ச்சி முழங்கைவரை ஏறியது.

புயலுக்குப் பிறகு மின்சாரம் குறைவாகச் செலவாகும்படி பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் புதிதாகக் கட்டினார்கள். ஊருக்கு வெளியே பத்துக் காற்றாலைகள். எல்லாரும் அதைத்தான் புகழ்கிறார்கள், புகழ வேண்டியதுதான். ஆனால் ஊரில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் திரும்பவில்லை என்பதும் உண்மை. பள்ளியைக் கட்டியதால் பிள்ளைகள் வந்துவிடுவதில்லை, முத்து. ஆனால் பத்திரம் பதியவும் வரி கட்டவும் கோதுமை கொட்டவும் சுற்றுவட்டாரம் முழுக்க இன்னும் அங்கேதான் வருகிறது. அந்த ஊரை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் எதற்கெல்லாம் வருகிறார்கள்? சந்தை இன்னும் கூடுகிறதா? அடுத்த கடிதத்தில் அதை விரிவாக எழுது.

அன்புடன்,
சேகர்