தம்பி, இப்போது உன் முறை

தம்பி, சுகம்தானே. இங்கே எல்லாரும் சுகம். கரண்ட் வரும் நேரத்தில்தான் தண்ணீர் ஏற்றுவதும் போன் சார்ஜ் போடுவதும், அதனால் இதை விட்டு விட்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

நம் செஸ் ஆட்டம் அப்படியே நிற்கிறது. நான் குதிரையை ஜி5-க்குக் கொண்டுபோனேன், நீ டி5-க்குச் சிப்பாயைத் தள்ளினாய், நான் வெட்டினேன், அதோடு உன் பக்கம் சத்தமே இல்லை. வேலையில் ஏதாவது சிக்கலா? சரி, கேட்கவில்லை, விடு.

எதிரில் உட்கார்ந்திருப்பவன் சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். எஃப்6 குதிரையால் அந்தச் சிப்பாயைத் திருப்பி வெட்டத்தான் கை துறுதுறுக்கும். வெட்டாதே. வெட்டினால் என் குதிரை எஃப்7-இல் பாயும், ராணிக்கும் யானைக்கும் சேர்த்துக் குறி. உன் ராஜா அதை எடுத்ததும் என் ராணி எஃப்3-க்கு வந்து செக் வைப்பாள், டி5 குதிரையும் அவள் கண்ணில்தான். அதைக் காப்பாற்ற ராஜா ஈ6-க்கு ஏறி நட்டநடுவில் நிற்க வேண்டும். இத்தாலிக்காரர்கள் 400 வருஷத்துக்கு முன்பே ஆடிக் காட்டிய பொறி இது. தாக்குப்பிடிக்க வழி உண்டு என்று கம்ப்யூட்டர் வாதாடும், நீ கம்ப்யூட்டர் இல்லையே.

சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்து. ஓரத்தில் போய் நிற்கிற குதிரை பார்க்க அசிங்கம்தான், ஆனால் என் மந்திரி மேல் குறி விழுகிறது. நான் பி5-இல் செக் வைப்பேன், நீ சி6-இல் சிப்பாயை மறைப்பாய், வெட்டு குத்து முடிந்தால் உனக்கு ஒரு சிப்பாய் குறையும். குறையட்டுமே. என் மந்திரியும் குதிரையும் இடம் தேடி ஓடிக்கொண்டிருக்கும்போது உன் காய்கள் எல்லாம் வெளியே வந்துவிடும். அவசரப்பட்டு வெட்டாதே, அவ்வளவுதான்.

டீக்கடையில் பெரியவர்களை நம் பர்மா செஸ்ஸான சித்துயினில் மடக்கியவன் நீ. அதில் காய்களை எங்கே வைப்பதென்று நாமே முடிவுசெய்துதானே ஆட்டம் ஆரம்பம், நீ யானையை வைத்த இடத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவ்வளவு மூளை இருந்து என்ன, அப்பாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை.

தெருமுனையில் சாயங்காலம் பிரம்புப் பந்தை உதைத்துச் சின்லோன் ஆடுகிறார்கள். எல்லாம் என் வயசு ஆட்கள். பந்து நாலு உதைக்கு மேல் நிற்பதில்லை, எடுத்துக் கொடுக்கப் பையன்களும் இல்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேர்ப்பு என்று அறிவித்த பிறகு அப்படித்தான். 18-இலிருந்து 35 வரைக்கும் யார் இருக்கிறார்கள் என்று வார்டு ஆபீஸிலிருந்து இன்னொரு தடவை வந்து கேட்டார்கள். அக்கா பேர், என் பேர், அம்மா பேர் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அக்கா கல்யாணம் தையில், காளி கோயிலில். நீ டிக்கெட் விலை விசாரித்ததாக அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வராதே என்று ஒரு தகப்பன் எப்படி எழுதுவது. மாப்பிள்ளை வீட்டாரிடம் உனக்கு லீவு இல்லை என்று சொல்லியாகிவிட்டது, அவர்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. தாலி கட்டும்போது போனில் காட்டச் சொல்லி அவள் தோழியிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சித்தப்பா அடுத்த வாரம் பேங்காக் வருகிறார். எலுமிச்சை ஊறுகாயும் உன் சட்டையும் கொடுத்தனுப்புகிறேன். வாங்கிக்கொள், ஆனால் அவரோடு சேர்ந்து திரும்பி வருகிற பேச்சை மட்டும் எடுக்காதே.

அப்பா