'அனைத்தும்' என்ற ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், 'அறுபதுக்கு மேல் நகத்தில் விழும் கோடுகள் அனைத்தும் முதுமையின் கோலமே. கவலை வேண்டாம்' என்று ஒரு வரி வந்திருந்தது. எழுபத்தொன்றைத் தொட்டுவிட்ட எனக்கு ஆறுதல் சொன்ன பெருந்தன்மைக்கு நன்றி. அந்த 'அனைத்தும்' யார் கண்ணிலும் படாமல் அச்சேறியது எப்படி?

நெடுக்காக ஓடும் மெல்லிய வரிகள் வயதால் வருபவை; ஒப்புக்கொள்கிறேன், என் பத்து விரல்களிலும் இருக்கின்றன. குறுக்காக விழும் பள்ளம் வேறு சங்கதி. மூன்று ஆண்டுகளுக்கு முன் நிமோனியாவில் படுத்து எழுந்த இரண்டாம் மாதம், எல்லா நகங்களிலும் ஒரே மட்டத்தில் பள்ளம் தெரிந்தது. கடும் நோயின்போது நகத்தின் வேர் வளர்ச்சியை நிறுத்திவைத்த தடம் அது. ஜோசஃப் போ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1846-லேயே எழுதிவைத்தது தாங்கள் அறியாததா? மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகர்ந்து, ஒருவழியாக நுனிக்கு வந்து வெட்டுப்பட்டது. ஸ்கேல் வைத்து அளந்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை.

என் அக்காவுக்குக் கட்டைவிரலில் மட்டும் ஒரு கருங்கோடு. நாங்கள் பார்த்த மருத்துவரும் 'வயதாகிவிட்டதல்லவா' என்றுதான் அனுப்பிவைத்தார். கோடு அகலமாகி, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவிய பிறகே இன்னொருவர் சதை எடுத்துச் சோதித்தார். மெலனோமா என்னும் புற்றுநோய். விரல் நுனி போயிற்று, உயிர் இருக்கிறது. அவரும் தங்கள் வாசகிதான். அந்த வரியை உரக்கப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இதழை மடித்து என்னிடம் நீட்டினார்.

இது முதல் முறையுமல்ல. நகத்தில் வெள்ளைப் புள்ளி என்றால் கால்சியம் குறைவு என்று எழுதினீர்கள். வேரில் பட்ட சிறு அடியே பெரும்பாலும் காரணம் என்று நான் அனுப்பிய கடிதம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது போலும். நகம் வளர்க்கும் என்று விற்கப்படும் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரையின் புகழுக்கு அரைப்பக்கம்; அதே மாத்திரை தைராய்டு பரிசோதனை முடிவைத் தப்பாகக் காட்ட வைக்கலாம் என்பதற்கு அரை வரி இல்லை. முதியோர் பக்கத்துக்குப் படமோ, சிவப்புச் சாயம் பூசிய இருபது வயது விரல்கள்! எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'அனைத்தும்' என்பதைப் 'பல' என்று திருத்திப் படிக்கவும் என அதே பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். ஒரே விரலில் புதிதாகக் கருங்கோடு தோன்றினாலோ, இருப்பது அகன்றாலோ தோல் மருத்துவரிடம் காட்டவும் என்று இன்னொரு வரி, விளம்பரங்கள் இடம் விட்டால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர் ஒருவர்