ரோம்: கிழமையும் வாசலும் தெரிந்து போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறைக் காலம் நெருங்கினால் பயணப் பக்கங்களில் ரோம் நகரம் இடம்பெறாமல் இருப்பதில்லை. கொலோசியம், வாடிகன், ட்ரெவி நீரூற்று என்று படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. முதல்முறை போகிறவர்கள் திண்டாடுவதோ கிழமையிலும் வாசலிலும்தான். அதற்குக் கட்டுரைகளில் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

வாடிகனையே எடுத்துக்கொள்வோம். அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள்; அன்றைய கூட்டத்தில் ஓவியத்தைவிட முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் அதிகம் பார்க்க முடியும். போப் ரோமில் இருக்கும் புதன்கிழமைகளில் காலையில் பொதுச் சந்திப்பு நடப்பதால், புனித பேதுரு பேராலயத்துக்குள் பெரும்பாலும் மதியம் வரை போக முடியாது. வாசலும் ஒன்றல்ல. பேராலயத்துக்கு அதன் முன்னுள்ள சதுக்கத்தின் வழியே நுழைய வேண்டும். கட்டணமில்லை, பாதுகாப்புச் சோதனை வரிசை உண்டு. அருங்காட்சியகமும் சிஸ்டைன் சிற்றாலயமும் பார்க்க மதிலைச் சுற்றிக்கொண்டு வியாலே வத்திகானோ சாலைக்குப் போக வேண்டும். கால் மணி நேரத்துக்குக் குறையாத நடை. நேரம் குறித்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு சதுக்கத்தில் காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவிப் போகும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். பேராலயக் குவிமாடத்துக்கு மொத்தம் 551 படிகள். லிஃப்டில் போனாலும் 320 படிகள் ஏறியாக வேண்டும். மேலே போகப் போக வழி குறுகி, சுவரே ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும். நடுவில் திரும்பி இறங்க இடமில்லை என்பதால் முழங்கால் வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் ஏறாமல் இருப்பதே நல்லது.

கொலோசியம் டிக்கெட் பெயர் போட்டுத் தரப்படுவது. இனிஷியலோடு பதிவு செய்யாமல், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருக்கும் பெயரை அப்படியே கொடுங்கள். வாசலில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 18 யூரோ சாதாரண டிக்கெட்டிலேயே பக்கத்திலுள்ள பழைய நகர மையத்தின் இடிபாடுகளான ரோமன் ஃபோரமும், அரண்மனை இடிபாடுகள் உள்ள பலட்டைன் குன்றும் அடக்கம். இது தெரியாமல் கொலோசியத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். கொலோசியத்தின் நிலவறைக்குத் தனி டிக்கெட். விற்பனை தொடங்கியதுமே தீர்ந்துவிடும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் அன்று முன்பதிவு கிடையாது. போர்கேஸே கலைக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. முன்பதிவு இல்லாமல் போய்ப் பயனில்லை, உள்ளே இரண்டு மணி நேரம்தான்.

பழங்கால ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 2023 முதல் கட்டணம் உண்டு. மழை பெய்தால் தயங்காமல் அங்கே போங்கள். கூரையின் நடுவே ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் வட்டத்தின் வழியே மழை நேராகத் தரையில் விழும். பளிங்குத் தரை நடுவில் லேசாக மேடிட்டிருப்பதால் தண்ணீர் தேங்காமல் விலகி, சிறு துளைகளில் வடிந்துவிடும். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக நிற்கும் கட்டடத்தின் இந்த நுணுக்கத்தை வெயில் நாளில் பார்க்க முடியாது.

பேருந்து, மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். பேருந்து எத்தனை வேண்டுமானாலும் மாறலாம். மெட்ரோவில் ஒருமுறைதான் நுழையலாம். காகித டிக்கெட்டைப் பேருந்தில் ஏறியதும் எந்திரத்தில் பதியாவிட்டால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம் உண்டு. ஸ்பானியப் படிகள் எனப்படும் புகழ்பெற்ற அகன்ற படிக்கட்டில் 2019 முதல் உட்காரக் கூடாது, அதற்கும் அபராதம்தான். தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவோர இரும்புக் குழாய்களில் ஓயாமல் நல்ல குடிநீர் வருகிறது. மூக்குபோல் வளைந்த குழாயின் முனையை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியே நீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

இனி ரோம் பற்றி எழுதும்போது விடுமுறை நாள், நுழைவாயில், முன்பதிவு, கட்டணம் ஆகியவற்றை ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்து, அவை எந்த மாத நிலவரம் என்பதையும் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்